நாற்பத்தொரு பங்கும் ஒரு கையும்

செல்லசாமி கங்காணி பிறந்தது தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் அல்ல, மடத்தில். நோர்வூட் கடைத்தெருவுக்கு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தள்ளி, ரோட்டின் மேல்பக்கம், கருங்கல் சுவரும் அரைவட்ட ஓடுமாக நின்ற மடம் அது. காப்பிக் காலத்தில் ஏதோ ஒரு செட்டியார் புண்ணியத்துக்குக் கட்டிவிட்டுப் போனது. முன்னால் தூண் வைத்த நீளமான கூடம், பின்னால் சாமான் போட ஓர் அறை, அவ்வளவுதான். ரயில் நாவலப்பிட்டியோடு நின்றுபோன அந்த நாளில், அங்கிருந்து மூட்டை முடிச்சோடு மலை ஏறி வந்த சனம் ராத்திரி தங்குவதற்கு அந்த வட்டாரத்தில் வேறு இடம் கிடையாது. செல்லசாமியின் தாய் நிறைமாதத்தோடு நடந்து வந்தவள். மடத்து வாசலை மிதித்ததும் இடுப்புவலி கண்டுவிட்டது. இரண்டு பேராக வந்தவர்கள் மூன்று பேராகத் தோட்டத்துக்கு ஏறினார்கள்.

சண்டை என்று வந்தால், "மடத்துல பொறந்த பயதானே நீ" என்று திட்டுவார்கள். அவருக்கு அது உறைத்ததே இல்லை.

"ஆமாடா. நான் கல்லுச் செவத்துக்குள்ள பொறந்தவன். நீ ஓட்டைத் தகரத்துக்குக் கீழ பொறந்தவன். போ, போய் ஒங்கப்பன்கிட்ட கேளு" என்பார்.

ஆனைக்கல் தோட்டத்து மேல்கணக்கு என்கிற மேல் பிரிவில் அவர் சில்லறைக் கங்காணி, பெரிய கங்காணிக்குக் கீழே உள்ளவர். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, வெயிலோ மழையோ கக்கத்தில் ஒரு குடை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்குக் கீழே நாற்பது ஆள். அந்தக் காலத்துத் தோட்ட நடப்பு இன்றைக்கு உள்ளவர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். அரிசி வந்தால் கங்காணி பேரில் வரும். கம்பளி வந்தால் கங்காணி பேரில் வரும். கடையில் பற்று எழுதினாலும் கங்காணி பேர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருந்துக்குப் போய் நின்றால், டிஸ்பென்சரையா பிள்ளையின் பேரைக் கேட்கமாட்டார், "யார் ஆளு?" என்றுதான் கேட்பார். "செல்லசாமி கங்காணி ஆளுங்க" என்றால் போத்தலில் மருந்து விழும். அதில் யாரும் குறை கண்டதும் இல்லை. அடிப்பார், திட்டுவார், ஆனால் ஒரு ஆளைப் பட்டினி போட்டார் என்று அவரைப் பற்றி யாராலும் சொல்லமுடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் தேயிலை விலை விழுந்தது. மேல்கணக்கில் பாதி மலையைக் காட்டுக்கு விட்டுவிட்டார்கள். செல்லசாமியின் ஆட்களில் ஆறு குடும்பத்துக்குப் பற்றுச்சீட்டு. அதாவது அன்றிலிருந்து வேலையும் இல்லை, லயத்தில் காம்பராவும் இல்லை. இந்தியாவுக்குப் போகிற பாஸ் வரும் வரைக்கும் எங்கே தங்குவது? அவரே கூட்டிக்கொண்டுபோய் மடத்தில் விட்டார். மடத்துக்கு அப்போது பாதிக் கூரைதான். ஓடு சரிந்து, மரம் உளுத்து, ஆடி மழை நேரே கூடத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு நாள் அந்த ஈரத் தரையில் கிடந்தார்கள். மூன்றாம் நாள் காளியாயியின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கடைசி இரண்டு மணி நேரம் அவன் தலைக்கு மேலே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது செல்லசாமி கங்காணிதான். கட்டிய கூரைக்குக் கீழே குடை பிடித்தோமே என்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. காளியாயி இந்தியாவுக்குப் போகவில்லை. கொத்மலைப் பக்கம் தங்கை வீட்டில் ஒண்டிக் கிடந்து, விலை ஏறித் திரும்ப ஆள் எடுத்தபோது வந்து செல்லசாமி பேரிலேயே பதிந்தாள்.

முப்பத்தைந்தில் சர்க்கார் ஓவசியர் வந்து மடத்துச் சுவரில் காகிதம் ஒட்டினார். இரண்டு வருஷத்துக்குள் திருத்தாவிட்டால், ஆபத்தான கட்டடம் என்று இடித்துத் தள்ளப்படும். கடைத்தெருவில் அதுதான் பேச்சு. அரிசிக்கடை ராமநாதன் முதலாளி, "இடிக்கட்டுமே. செங்கல்லுல கட்டினா நாலு கடை எறக்கலாம்" என்றார். செல்லசாமிக்கு வந்ததே ஆத்திரம்.

"மொதலாளி, ஒங்கப்பாரு ஊர்லேருந்து வந்த அன்னிக்கு எங்க படுத்தாரு? ஒங்க கடையிலயா?"

முதலாளி சிரித்துவிட்டார். அவருடைய அப்பாவும் அந்த மடத்தில் படுத்தவர்தான்.

வழி சொன்னது தபால் கந்தோர் கிளாக்கர் பொன்னையா. ஒடிசலான மனுசன், சட்டம் தெரிந்தவர், பேச்சில் சூடு இருக்காது. ஐக்கிய சங்கம், அதாவது கூட்டுறவுச் சங்கம் ஒன்று பதியலாம் என்றார். ஒரு பங்கு இரண்டு ரூபாய், மாதம் இருபத்தைந்து சதமாகவும் கட்டலாம். பங்குப் பணத்தில் மடத்தைத் திருத்துவது, திருத்திய மடம் பங்குதாரர் எல்லோருக்கும் பொது. செட்டியார் வம்சத்துக்குக் கடிதம் எழுதியதில், யார் திருத்துகிறார்களோ அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டட வேலை தெரிந்த சிங்கள மேஸ்திரி, பாஸ் என்பார்கள், ஒருவர் வந்து சுவரைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். "பித்தி ஹொந்தய்" என்றார். சுவர் நன்றாக இருக்கிறது, கூரைதான் போயிருக்கிறது.

ராமநாதன் முதலாளி வியாபாரி. சங்கச் சட்டப் புத்தகத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். தன் பேரில் ஒரு பங்கு, வீட்டம்மா பேரில் ஒன்று, தூத்துக்குடியில் இருந்த இரண்டு தம்பிமார் பேரில் ஒவ்வொன்று, மைத்துனன் பேரில் ஒன்று என்று போட்டார். அவரைப் பார்த்து மற்றக் கடைக்காரர்களும் அப்படியே செய்தார்கள். கடைத்தெருவில் மட்டும் முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.

செல்லசாமி கங்காணியும் சும்மா இருக்கவில்லை. லயம் லயமாக ஏறி இறங்கி, கெஞ்சியும் அதட்டியும் நாற்பது ஆளிடமும் மாதா மாதம் இருபத்தைந்து சதம் வாங்கினார். தன்னுடையதோடு நாற்பத்தொரு பங்கு. பொன்னையாவின் மேசையில் முதல் மாதக் காசை வைத்து, "எழுதுங்க" என்றார்.

"தனித்தனியா எழுதவா கங்காணி? பேரெல்லாம் சொல்லுங்க."

"எதுக்கு? என் பேர்ல போடுங்க. என் ஆளு கணக்கை நான் பாத்துக்குவேன். நாப்பது பேர் பேரையும் புஸ்தகத்துல எழுதி, அது தொரை காதுல விழுந்தா, சங்கம் கிங்கம்னு அவரு குதிப்பாரு. எனக்கெதுக்கு வம்பு?"

பொன்னையா ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு எழுதினார்: செல்லசாமி, பங்கு நாற்பத்தொன்று. அத்தனை பங்கு வேறு யாருக்கும் இல்லை. அதனால் அவரை உபதலைவர் ஆக்கினார்கள். கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கடைத்தெருவில், "வாங்க உபதலைவர்" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை ஒரு நாலு நாள் வாயிலேயே வைத்துச் சப்பிக்கொண்டு திரிந்தார், பாவம்.

வேலை ஒன்றரை வருஷம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனைக்கல் ஆட்கள் ஐந்து கட்டை இறங்கிப்போய்க் கல் சுமந்தார்கள், சுண்ணாம்பு குழைத்தார்கள். பழைய ஓட்டில் உடையாததைப் பொறுக்கிக் கழுவி அடுக்கியது பெண்கள். தகரம் போட்டால் சல்லிசு என்று சிலர் சொன்னதற்கு, பாஸ் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்தச் சுவருக்கு அந்த ஓடுதான் என்றார். மரத்துக்கும் மீதி ஓட்டுக்கும் பங்குப் பணம் போதவில்லை. முந்நூற்றைம்பது ரூபாயை ராமநாதன் முதலாளி கடனாகக் கொடுத்தார். முப்பத்தேழு தைப்பொங்கலுக்கு மடம் எழும்பி நின்றது. மழை பெய்தபோது செல்லசாமி கூடத்து நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. பாஸின் கையைப் பிடித்து வெற்றிலைப் பையை நீட்டினார்.

சித்திரை கடைசியில் தபால் கந்தோருக்கு ஒரு வேலையாகப் போனார். பொன்னையா முத்திரையைக் குத்திக்கொண்டே, "வைகாசி மொத ஞாயிறு மகாசபைக் கூட்டம், கங்காணி. முதலாளி ஒரு தீர்மானம் குடுத்திருக்கார். மடத்தை முழுசா அஞ்சு வருஷத்துக்கு அரிசி ஸ்டோருக்கு வாடகைக்கு எடுக்கிறாராம். கடனும் அடையும், பங்குக்கு லாபமும் வரும்கிறார்" என்றார்.

"முழுசாவா? கூடத்தையுமா?"

"கூடத்தையும்தான்."

"அப்ப நடந்து வர்றவன் எங்க படுப்பான்? அரிசி மூட்டை மேலயா?" கங்காணி குடையைத் தரையில் குத்தினார். "வரட்டும் தீர்மானம். நாப்பத்தொரு கை தூக்குறேன் நான்."

பொன்னையா முத்திரை குத்துவதை நிறுத்தினார். "கங்காணிக்கு எத்தனை கை?"

"இது என்ன கேள்வி? ரெண்டு."

"அதுல ஒண்ணைத்தான் தூக்கலாம்."

விளங்கவில்லை. பொன்னையா பொறுமையாகச் சொன்னார். சங்கச் சட்டத்தில் பங்குக்கு ஒரு கை கிடையாது, ஆளுக்கு ஒரு கை. ஒரு பங்கு போட்டவனுக்கும் ஒன்றுதான், நூறு பங்கு போட்டவனுக்கும் ஒன்றுதான். புத்தகத்தில் கடைத்தெருவுக்கு முப்பத்தொரு பேர். ஆனைக்கல் தோட்டத்துக்கு ஒரே பேர்.

செல்லசாமி முகத்தில் ஈயாடவில்லை. "இதை ஏன் அப்பவே சொல்லல நீங்க?"

"தனித்தனியா எழுதவான்னு கேட்டேனே."

கேட்டதுதான். கங்காணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது ஆளின் காசு, ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் சேர்ந்து ஒரு கை. அப்படி ஒன்றாகக் கட்டி வைத்ததும் அவரே.

"வழி இல்லாம இல்ல" என்றார் பொன்னையா. "ஒங்க பங்கை அவங்கவங்க பேருக்கு மாத்தி எழுதலாம். ஆனா அவங்கவங்க நேர்ல வந்து பெருவிரல் வைக்கணும். கூட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி. அப்புறம், ஒண்ணு யோசிச்சுக்குங்க. மாத்தி எழுதினா ஒங்களுக்கு மிச்சம் ஒரு பங்குதான். உபதலைவர் பதவி நிக்காது."

அன்று மலை ஏறும்போது கங்காணி வழியில் மூன்று இடத்தில் நின்றார். அவரைப் பார்த்தவர்கள் மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் சாயந்திரம், கொழுந்து நிறுத்து முடிந்ததும், ஆட்களைக் கோயில் முன்னால் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லச் சொல்லத் தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. முதலில் எழும்பியது வீரய்யா. கவ்வாத்து வெட்டுகிறவன், வாய் கத்தியை விடக் கூர்.

"அப்ப நாங்க குடுத்த காசு எங்க பேர்ல இல்லையா?"

"எம்பேர்ல இருக்குடா. நான் என்ன தூக்கிட்டா ஓடிட்டேன்?"

"ஓடலைங்க. ஆனா ஓடுறதா இருந்தா எங்களால ஒண்ணும் கேக்க முடியாது, அப்படித்தானே? கவுன்சில் எலெக்சனுக்குப் போனப்ப நம்ம ஆளுக அவனவன் சீட்டை அவனவனே பெட்டியில போட்டானே. அதையும் கங்காணி பேர்ல போட்டிருந்தா ஒரே நடையில முடிஞ்சிருக்கும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கங்காணி குடையை ஓங்கினார், யாரும் பயப்படவில்லை. அதற்குள் அவர் மனைவி அழகம்மா முன்னால் வந்தாள். அவளும் அவருக்குக் கீழே பேர் பதிந்து கொழுந்து எடுக்கிறவள்தான்.

"ஏங்க, என் ரெண்டு ரூவாயும் ஒங்க பேர்லயா?"

"நீ என் பொண்டாட்டி புள்ள."

"பொண்டாட்டிதான். கொழுந்து எடுக்குறது யாரு, நீங்களா?"

சனத்தின் முன்னால் பொண்டாட்டியிடம் தோற்பது ஒரு மனுசனுக்கு எப்படி இருக்கும்! ஆனாலும் அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தையை ஆனைக்கல்லில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

"தப்புதான்" என்றார். "நான் பண்ணின தப்பு. நான் பழகினது அப்படி. ஞாயித்துக்கெழம கீழ வாங்க, அவனவன் பங்கை அவனவன் எடுத்துக்குங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். மடத்தை மூட்டைக்கு விடக்கூடாது, மனுசனுக்கு விடணும். அதுக்குக் கை தூக்குங்க."

ஒரு கங்காணி வாயில் 'தப்பு' என்ற சொல் வந்ததை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை, ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அடுத்த கல்லைப் போட்டார். மலையில் கொழுந்து முற்றுகிறது, நாளைக்கு ஞாயிறு கைக்காசுக் கொழுந்து, எல்லாக் கங்காணியும் ஆளைக் கொண்டுவரவேண்டும். கைக்காசு என்றால் அன்றே கையில் காசு. பிள்ளைக்காரிகள் அதற்காகக் காத்துக் கிடப்பார்கள். ஆளைக் கொண்டுவராத கங்காணிக்கு என்ன நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். செல்லசாமி "சரிங்க" என்றும் சொல்லவில்லை, "இல்லைங்க" என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து ஆட்களிடம், "நாளைக்கு நான் கீழ போறேன். வர்றவங்க வரலாம். மலைக்குப் போறவங்களை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

ஏழு பேர் மலைக்குப் போனார்கள். வீட்டில் அரிசி இல்லாதவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பத்துமூன்று பேர் அவரோடு இறங்கினார்கள். பெண்கள் துவைத்த சேலை உடுத்தி, கூடை இல்லாத முதுகோடு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். கங்காணி முன்னால் போனார். எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கை துறுதுறுத்தது, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் மடத்துக் கூடத்தில்தான். பொன்னையா மேசை போட்டு, மைத்தட்டோடு உட்கார்ந்திருந்தார். வரிசையில் முதலாவது ராசம்மா, நரைத்த தலைக்காரி.

"பேர் என்ன?"

"செல்லசாமி கங்காணி ஆளுங்க."

"அது சரி, ஒன் பேர்?"

கிழவி திரும்பிக் கங்காணியைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அந்தப் பதிலுக்குத்தான் அரிசியும் மருந்தும் வந்திருக்கிறது. கங்காணி, "ஒன் பேரைச் சொல்லு ஆயி" என்றார்.

"ராசம்மா" என்றாள், ஏதோ களவைச் சொல்வது போல மெதுவாக. விரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, அந்த விரலை யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்த் தூணடியில் உட்கார்ந்தாள்.

முப்பத்துமூன்று விரலும் விழுந்து முடியும் வரை ராமநாதன் முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. கொடுத்த பணம் திரும்பவேண்டும் என்று நினைப்பது குற்றமா? பொன்னையா தீர்மானத்தை வாசித்ததும் எழும்பி நிதானமாகப் பேசினார். கடன் முந்நூற்றைம்பது நிற்கிறது, வாடகை வந்தால்தான் அடையும், பங்குதாரருக்கும் வருஷம் ஏதாவது கையில் கிடைக்கும் என்றார். கடைசியில், "எங்க பக்கம் முப்பத்தொரு பேரு இருக்கோம். அவங்க சார்புல எல்லாம் நான் சம்மதம் சொல்றேன்" என்று முடித்தார்.

அழகம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "கிளாக்கரய்யா, கை தூக்கணும்னா கை வரணுமில்லைங்களா?"

"ஆமா. சட்டப்படி நேர்ல வந்தவங்கதான் தூக்கலாம்."

"மொதலாளி வீட்டம்மா எங்கைங்க? காணல?"

முதலாளிக்கு முகம் சிவந்தது. "எங்க வீட்டுப் பொம்பளைங்க கடைத்தெருவுக்கு வர்ற பழக்கமில்ல."

"பாவம். நாங்க மழையில மலையேறிப் பழகிட்டோம், அதனால வந்துட்டோம்" என்றாள் அழகம்மா.

வீரய்யா கையைத் தட்டினான். கடைக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொன்னையா தலைகளை எண்ணினார். கடைத்தெருவுக்காரர் பதினாலு, தோட்டத்துக்காரர் கங்காணியோடு முப்பத்துநாலு. முதலாளியும் மனதில் எண்ணிவிட்டார். செல்லசாமி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். இனி யார் தடுப்பது?

"மொத்த மடமும் தெறந்து கெடக்கணும். வாடகைன்னு ஒரு மூட்டை உள்ள வரக்கூடாது. கடனை நாங்க பங்கு போட்டு, இன்னும் நாலு வருஷமானாலும் அடைப்போம். அவ்வளவுதான் பேச்சு. ஏ, எல்லாம் கையத் தூக்குங்க!"

முப்பத்துமூன்று பேரில் ஒரு கைகூட எழும்பவில்லை. காளியாயி எழும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"உக்காரு காளியாயி. அதான் நான் பேசிட்டேனே."

"நீங்க பேசிட்டீங்க கங்காணியாரே. நான் இன்னும் பேசலைங்க."

அவள் கங்காணியைப் பார்க்காமல் பொன்னையாவைப் பார்த்துப் பேசினாள்.

"இந்த மடம் எப்படிங்க இடிஞ்சுச்சு? புண்ணியத்துக்கு வுட்டதுன்னு சொல்லி யாருமே ஓடு மாத்தல. எல்லாருக்கும் பொதுன்னா, ஒழுகுறப்ப யார் வீட்டு ஓடு அது? முழு மடத்தையும் தெறந்து போட்டா இன்னும் இருவது வருசத்துல திரும்ப ஒழுகும். பின்னால இருக்குற அறைய மொதலாளி எடுத்துக்கட்டும். வாடகையில மொதல்ல கடன அடைங்க. அடைஞ்ச பொறகு அந்தக் காசு ஓட்டுக்குன்னே இருக்கட்டும், லாபம்னு யாரும் தொடக்கூடாது. முன்கூடம் மட்டும் எப்பவும் தெறந்து கெடக்கணும். படுக்க வர்றவன்கிட்ட நீ யாருன்னு கேக்கக்கூடாது. இதான் என் யோசனைங்க. ஒழுகுற கூரைக்குக் கீழ இருந்தவ சொல்றேன்."

முதலாளி தாடையைத் தடவினார். "பின்னறை எனக்குப் போதும்" என்றார். "தீர்மானத்தை அப்படியே மாத்திக்குங்க."

"இல்ல" என்றார் கங்காணி. "நம்ப முடியாது. இன்னிக்குப் பின்னறை, நாளைக்குக் கூடம். மூட்டை ஒரு தடவை உள்ள வந்தா வெளிய போகாது. எனக்குத் தெரியும்." தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணுக்கு எத்தனையோ தரம் பயந்தவர்கள் அவர்கள். "நான் சொல்றதைக் கேளுங்க."

பொன்னையா, "காளியாயி யோசனைக்குச் சம்மதமானவங்க கையைத் தூக்கலாம்" என்றார்.

முதலில் ராசம்மாவின் மை பூசிய விரல் எழும்பியது. பிறகு வீரய்யா. பிறகு வரிசை வரிசையாக. கடைக்காரர் பதினாலு பேரும் தூக்கினார்கள். அழகம்மா புருஷனை ஒரு தரம் பார்த்தாள், பார்த்துக்கொண்டே தூக்கினாள். நாற்பத்தேழு.

"எதிர்ப்பு?"

கங்காணி யோசிக்கவில்லை. கையை நேராக, கோட்டுக் கை முழங்கை வரை இறங்கும்படி தூக்கினார். ஒன்று. பொன்னையா அதையும் புத்தகத்தில் எழுதினார்: எதிர்ப்பு ஒன்று, செல்லசாமி. கங்காணி அதை வாசிக்கச் சொல்லியும் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பெரட்டில் கண்டாக்கையா கேட்டார். "நேத்து ஆளைக் கீழ கொண்டுபோனது யாரு?"

"நான் போனேங்க. அவங்க அவங்களா வந்தாங்க" என்றார் செல்லசாமி.

அந்தப் பதிலுக்கு விலை இருந்தது. அவருடைய நாற்பது ஆளில் பதினைந்து பேரை எடுத்து வேறு கங்காணி பேரில் போட்டுவிட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்கு வந்துகொண்டிருந்த காசு அந்த அளவுக்குக் குறைந்தது. காளியாயியும் வீரய்யாவும் அந்தப் பதினைந்தில் போனார்கள். ஆனாலும் சந்தித்தால் அவரைக் 'கங்காணியாரே' என்றுதான் கூப்பிட்டார்கள். மலைக்குப் போன ஏழு பேரும் ஒவ்வொருவராக இறங்கித் தங்கள் பங்கை மாற்றிக்கொண்டார்கள். உபதலைவர் பதவிக்கு வீரய்யா வந்தான்.

மடம் நடந்தது. பின்னறையில் அரிசி, முன்கூடத்தில் சனம். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற காலத்தில் தமிழன், சிங்களவன் என்றில்லாமல் கால் நீட்ட இடம் இருக்காது. கடனும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

இவ்வளவு நடந்தும் மனுசன் ஒத்துக்கொண்டாரா? முப்பத்தெட்டு மகாசபையில் எழும்பி, பின்னறையைக் காலி பண்ணவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மூன்று கை. முப்பத்தொன்பதில், முதலாளி கூடத்து ஓரத்தில் ஒரு நாள் எட்டு மூட்டை அடுக்கியதைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, நாள் நேரத்தோடு சொல்லி, தூள் கிளப்பினார். முதலாளி மன்னிப்புக் கேட்டார். மூட்டையை அன்றே எடுத்தார். காளியாயிகூட, "கங்காணியாரு கண்ணு இருக்குற வரைக்கும் கூடத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். ஆனாலும் தீர்மானத்துக்கு ஏழு கைதான்.

கூட்டம் முடிந்து மலை ஏறும்போது அவருக்கு நல்ல உற்சாகம்.

"பாத்தியா புள்ள, ஒண்ணு மூணாச்சு, மூணு ஏழாச்சு. இன்னும் ரெண்டு வருசம். ஆமா, நீ எப்பத்தான் என் பக்கம் கையத் தூக்குவே?"

அழகம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் ஏறினாள்.

"நீங்க சரியாப் பேசுற அன்னிக்கு."